பழைய பாய்ப்படகு: பெயரும் வயதும் தெரியாதபோது எங்கே பார்ப்பது?

தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்துக்கு அருகில் எங்கள் கொட்டகை இருக்கிறது. வள்ளங்களுக்கு ஃபைபர் ஒட்டுவதுதான் பிழைப்பு. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், பூவார் தொடங்கி கொல்லம் வரை, காயலோரத்தில் யாரோ வாங்கி யாரோ கைவிட்ட சின்னப் பாய்ப்படகுகள் தென்னை மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும். அவற்றில் ஒன்று எப்படியும் மாதத்துக்கு ஒரு முறை மினி லாரியில் ஏறி எங்களிடம் வந்துவிடுகிறது. கொண்டு வருபவர் கேட்கும் முதல் கேள்வி கூலியைப் பற்றியதல்ல. "சேட்டா, இது என்ன படகு? எந்த வருஷத்துப் படகு?"

பதில் பிசகினால் பணம் போகும். பூவார் பக்கத்துக்காரர் ஒருவர் தம் படகை எண்டர்பிரைஸ் வகுப்பு (ஒரே வரைபடத்தில், ஒரே அளவில் கட்டும் படகு வகையை வகுப்பு என்போம்) என்று நம்பி, நீலப் பாயும் பாய்மரமும் வாங்கிக்கொண்டே வந்திறங்கினார். டேப் வைத்தோம். 4.27 மீட்டர். எண்டர்பிரைஸ் 4.04 மீட்டர்தான். நடுவில் ஒரு சாண். அவர் வைத்திருந்தது ஜிபி 14 என்ற வேறு படகு. பாய்மரத்தைப் பாதி விலைக்கு ஒருவர் எடுத்துக்கொண்டார். நீலப் பாய் இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது.

பாய் மாறும், பாய்மரம் மாறும், நிறம் நாலு தடவை மாறியிருக்கும். உடலின் நீளமும் அடிப்பக்கத்தின் மடிப்பும் மாறுவது அபூர்வம். ஆகவே எந்த அறிகுறியானாலும் உடலில் தொடங்குகிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

## எதற்கும் முன்: அளவு

படகை இரண்டு பழைய டயர் மேல் கவிழ்த்து வையுங்கள். சுக்கானைக் கழற்றுங்கள். அணியத்தின் (முன்மூக்கின்) நுனியிலும் பின்பலகையிலும் தூக்குக்குண்டு விட்டு, மணலில் இரண்டு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளப்பதுதான் சரி. உடலின் வளைவைத் தழுவி டேப் ஓட்டினால் நான்கைந்து விரற்கடை கூடிவிடும். இந்த வேலையில் அது வேறு படகாகிவிடும். பிறகு மிக அகலமான இடத்தில் குறுக்களவு.

நோட்டில் இன்னும் நான்கு குறிப்பு: அணியம் கூர்மையா, வெட்டிவிட்டதுபோல் சப்பையா? அடி உருண்டையா, மடிப்பு வைத்ததா? நடுப்பலகை (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை) மேலிருந்து செருகுவதா, அச்சில் சுழன்று மடங்குவதா? பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு இரு பக்கமும் தகடு இருக்கிறதா, அல்லது தகடு இருந்த துளையாவது இருக்கிறதா?

## அறிகுறி: சொன்ன பெயரும் டேப்பும் ஒத்துப்போகவில்லை

அளந்ததே தவறாக இருக்கலாம். சுக்கானையோ ஓரத்து ரப்பரையோ சேர்த்து அளந்திருப்பார்கள். மறுபடி அளந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

பெயர் வெறும் வாய்ப்பெயராக இருக்கலாம். காயல் பக்கத்தில் ஒற்றையாள் ஓட்டும் பாய்ப்படகு எதுவானாலும் சிலருக்கு அது 'லேசர்'. வனஸ்பதி எல்லாம் டால்டா ஆனது போல. பெயரை மறந்துவிட்டு நீளத்தைப் பாருங்கள். 2.30 மீட்டரும் சப்பை அணியமும் என்றால் குழந்தைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட். 3.30, சப்பை அணியம் என்றால் மிரர். 4.04, கூர் அணியம், ஒரு பக்கத்துக்கு இரண்டு மடிப்பு என்றால் எண்டர்பிரைஸ். 4.70 என்றால் 470. அதன் பெயரே அளவு. 4.82 வேஃபேரர். 4.93 மீட்டரில் ஒல்லியாக, தட்டையாக, முன்மூக்கை வெட்டிவிட்டதுபோல் இருந்தால் ஃபயர்பால்.

நம் நாட்டில் பழைய எண்டர்பிரைஸும் ஃபயர்பாலும் கண்ணில் படுவதில் ஆச்சரியமில்லை. 1982 ஆசிய விளையாட்டில் பாய்ப்படகுப் போட்டிகள் பம்பாயில் நடந்தபோது இரண்டும் போட்டி வகுப்புகள். ஃபயர்பாலில் ஃபாரூக் தாராபூரும் சரீர் கரஞ்சியாவும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். எண்டர்பிரைஸ் தங்கம் பாகிஸ்தானின் அவாரி தம்பதிக்குப் போனது.

4.20க்கும் 4.32க்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் நிதானம் தேவை. இங்கேதான் நான்கு படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

4.20, ஃபைபர், மடிப்பில்லாத உருண்டை அடி, தாங்கு கம்பிகளுக்குத் தகடு, இருவர் உட்காரும் இடம்: இது 420.

4.23, டெக்கில் பாய்மரம் இறங்க ஒரே ஒரு குழி, தாங்கு கம்பிக்கு எந்த அடையாளமும் இல்லை, செருகு பலகை: இது லேசர். குறுக்களவு 1.4 மீட்டரை எட்டாது.

4.27, அடியில் மடிப்பு, சுழலும் நடுப்பலகை: ஜிபி 14. குறுக்களவு 1.54. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீளத்தில் ஒரு சாண் குறைந்த எண்டர்பிரைஸ் அகலத்தில் இதை மிஞ்சும்; அது 1.6 மீட்டர். நீளத்தில் சந்தேகம் வந்தால் அகலம் தீர்ப்புச் சொல்லிவிடும்.

4.32 என்றால் அது எந்த வகுப்புப் படகாகவும் இல்லாமல் போகலாம். கேரள ஆசாரிமார் கோல் கணக்கில் வேலை செய்பவர்கள். ஒரு கோல் 24 விரல், நம் கணக்கில் 72 சென்டிமீட்டர். ஆறு கோல் 4.32. எப்போதோ பார்த்த ஜிபி 14ஐ மனதில் வைத்து உள்ளூர் ஆசாரி கட்டிய நகல் ஒன்று எங்களிடம் வந்தது. மூன்று நாள் குழம்பினோம். கடைசியில் எங்கள் பெரியவர் ஒருவர் கோலை வைத்துப் பார்த்தார். நீளம் ஆறு கோல், அகலம் இரண்டு கோலும் நாலு விரலும். ஒரு மயிரிழை பிசகவில்லை.

அணியம் உடைந்து வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். மற்ற இடத்தில் ஃபைபர் மழுமழுப்பாக இருந்து, மூக்கில் மட்டும் முரடாகப் புதிய மேட் தட்டுப்பட்டால் சந்தேகம் உறுதி. அணியத்திலிருந்து பின்பலகையின் இரு மூலைக்கும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் உடல் கோணியிருக்கிறது. அதற்குமேல் நீங்களே எதையும் அறுக்க வேண்டாம். ஃபைபர் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: விற்பவர் 'வெள்ளைக்காரர் காலத்துப் படகு' என்கிறார்

இது படகின் நோயல்ல, விலையின் நோய். மருந்து எளிது. வகுப்பு தெரிந்துவிட்டால் அது பிறந்த ஆண்டுக்கு முன் அந்தப் படகு இருந்திருக்க முடியாது. ஆப்டிமிஸ்ட் 1947. ஜிபி 14 வரையப்பட்டது 1949. எண்டர்பிரைஸ் 1956, வேஃபேரர் 1957, 420 வந்தது 1959. ஃபயர்பாலும் மிரரும் 1962ஐ ஒட்டி, 470 ஒரு வருஷம் தள்ளி. லேசர் 1970களின் பிள்ளை. பிரிட்டிஷ் அதிகாரி ஓட்டிய லேசர் என்று ஒருவர் எண்பதாயிரம் கேட்டார். சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டேன்.

## அறிகுறி: பாயில் எண் இருக்கிறது, உடலோடு ஒட்டவில்லை

சின்னத்தை முதலில் படியுங்கள். பெரிய 'இ' எழுத்தும் நீலத் துணியும் எண்டர்பிரைஸ். மணி வரைந்திருந்தால் ஜிபி 14. வேல்ஸ் கரையில் உள்ள அபர்டோவியின் மணி அது. சிவப்புப் பாய் மிரருக்கு. எண்டர்பிரைஸுக்கும் மிரருக்கும் பின்னால் நின்றவை இரண்டு லண்டன் பத்திரிகைகள். படகைப் பிரபலமாக்கப் பாய்க்கு நிறம் கொடுத்தார்கள், அந்த நிறம் இன்றும் நமக்கு உதவுகிறது. கதிர் வெடித்ததுபோல் சின்னம் இருந்தால் லேசர்.

எண் எத்தனை இலக்கம்? ஆறு இலக்கம் என்றால் லேசர்தான் முதல் சந்தேகம். அது இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டப்பட்ட வகுப்பு. மிரர் எழுபதாயிரத்தைத் தொட்டது. எண்டர்பிரைஸ் என்று சொல்லிக்கொண்டு பாயில் ஐம்பதாயிரச் சொச்சம் எண் இருந்தால் அந்தப் பாய் அந்தப் படகுக்குரியதல்ல.

முன்னெழுத்து. எண்ணுக்கு முன் ஒற்றை 'கே' இருந்தால் பிரிட்டனின் பழைய குறி. 1990களின் தொடக்கத்தில் அது 'ஜிபிஆர்' ஆனது. ஆக 'கே' போட்ட பாய் அதற்கு முந்தையது. பாய் மட்டும்தான் முந்தையது; படகைப் பற்றி அது ஒன்றும் சத்தியம் செய்யவில்லை.

'ஐஎன்டி' என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். பாயில் இருந்தால் அது நாட்டுக்குறி. உடலில் 'ஐஎன்டி'க்குப் பின்னால் 'கேஎல்' அல்லது 'டிஎன்' தொடர்ந்தால் மீன்பிடிப் பதிவு எண். இந்தப் படகை யாரோ கொஞ்ச நாள் வலை போடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாடலைத் தேட அந்த எண் உதவாது.

துணி. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாடையுடன் சாம்பலானால் பருத்தி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். செயற்கைத் துணி 1950களில் பாய்க்கு வந்தது, பருத்தி மெல்ல ஒதுங்கியது. பருத்திப் பாயோடு ஒரு லேசர் வந்தால் அந்தப் பாய் நம் ஊர்த் தையல்காரரின் கைவேலை.

## அறிகுறி: உடலில் எண்ணே இல்லை

'இல்லை' என்பதற்குப் பொருள் 'பெயின்ட் மூடியிருக்கிறது' என்பதே. மரப்படகில் நான் வரிசையாகப் பார்க்கும் இடங்கள்: பின்பலகையின் உட்புறம், குறுக்குப் பலகைகளின் முகம், நடுப்பலகைப் பெட்டியின் பின்னால் ஏராவின் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையின்) மேல். எண்ணை உளியால் மரத்திலேயே வெட்டியிருப்பார்கள்.

நேரடியாகச் சுரண்டக் கூடாது. முதலில் அறையை இருட்டாக்கி டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் படுக்க வைத்து வெளிச்சம் அடியுங்கள். பெயின்டுக்கு அடியில் பள்ளம் இருந்தால் நிழல் விழும். பிறகு மெல்லிய காகிதத்தை ஒட்டவைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், சின்ன வயதில் நாலணாவை நோட்டில் தேய்த்து எடுப்போமே, அதே வித்தைதான். இதில் வராவிட்டால் மட்டும் வாட்டர் பேப்பரை நனைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தேய்க்கலாம். ஈரமாகவே தேயுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும்.

ஒரு எண்டர்பிரைஸில் வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, அதற்கடியில் பட்டி, அதற்கும் அடியில் ஆகாய நீலம் என்று ஐந்து உறை. மூன்றாவது உறை போனபோதே ஏராவில் '7' என்று ஒரு வளைவு தெரிந்தது. பையன் உளியை எடுத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். நனைத்து நனைத்துத் தேய்த்து மாலைக்குள் நான்கு இலக்கமும் வந்தன. உளி பட்டிருந்தால் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று இன்றுவரை சண்டை நடந்திருக்கும்.

முதற்கால லேசர் என்றால் அணியத்தில் இருக்கும் கயிற்று வளையத்தின் கீழே டெக்கைப் பாருங்கள். பிந்தியவற்றில் பின்பலகையில்.

பின்பலகையின் வலது மேல் மூலையில் 12 எழுத்தெண்கள் கிடைத்தால் படகு அமெரிக்கச் சந்தைக்காகக் கட்டப்பட்டது. 1972 நவம்பரில் அங்கே இந்தக் குறி கட்டாயமானது. முதல் மூன்று எழுத்து கட்டியவரின் குறி. வயது கடைசி நான்கில் இருக்கிறது. '0479' என்று எண்களே இருந்தால் 1979 ஏப்ரல். 'எம்79ஏ' என்றிருந்தால் 1979 மாடல், கட்டியது 1978 ஆகஸ்ட்; இந்த முறையில் 'ஏ' ஆகஸ்டைக் குறிக்கும். 1984இல் வந்த புதிய முறையில் வரிசை மாறி, 'ஏ' ஜனவரி ஆகிவிட்டது. 'ஏ484' என்றால் 1984 ஜனவரி, 1984 மாடல். இந்த இரண்டு 'ஏ'க்களைக் குழப்பாதவர் நான் பார்த்தவரை யாருமில்லை, நான் உட்பட.

ஐரோப்பாவின் 'சிஇ' முத்திரைத் தகடு இருந்தால் படகு 1990களின் பிற்பகுதியோ அதற்குப் பின்னரோ. 1998 ஜூனில் அது கட்டாயமானது. அதைப் பழம்பொருள் என்று விற்றால் வாங்காதீர்கள்.

தகடு பிடுங்கிய துளைகள் மட்டும் இருந்து, அதன்மேல் புதிய ஃபைபர் பூச்சு இருந்தால் வேலையை நிறுத்துங்கள். விற்றவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது வராமல் அந்தப் படகில் நாங்கள் கை வைப்பதில்லை.

## அறிகுறி: பிளைவுட் உடல், எந்த வகை என்று புரியவில்லை

எங்கள் கரையில் இது கூடுதல் சிக்கல். 1980களில் முட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பிளைவுட்டில் மீன்பிடி வள்ளங்கள் கட்டினார்கள். மரம் விலை ஏறியதும், வெளிப்பொருத்து இன்ஜின் வந்ததும் சேர்ந்து நடந்த காலம் அது. அவற்றின் மிச்சங்கள் இன்னும் கிடக்கின்றன. யாராவது சின்னதாக வெட்டிப் பாய் கட்டிவிட்டால் 'இங்கிலாந்துப் படகு' தயார்.

உள்மூலைகளைப் பாருங்கள். இரண்டு பலகை சேரும் இடத்தில் சட்டம் இல்லாமல் ஃபைபர் நாடா ஓடி, நாடாவுக்கு அடியில் சாண் இடைவெளிக்கு ஒன்றாகச் செம்புக்கம்பி முனைகள் துருத்தினால் தைத்து ஒட்டிய படகு. அதனோடு சப்பை அணியம், 3.30 மீட்டர், உள்ளே காற்றறைகள் என்றால் மிரர் என்று எழுதிவிடலாம். மூலைகளில் நீளச் சட்டம் வைத்துத் திருகு போட்டிருந்தால் எண்டர்பிரைஸ், ஜிபி 14 பக்கம் போங்கள்.

பிறகு காந்தம். பெயின்டின் மேலேயே ஓட்டலாம். ஒட்டாவிட்டால் ஆணி செம்போ வெண்கலமோ பித்தளையோ. அங்கங்கே ஒட்டி, துருநீர் வடிந்த கோடும் தெரிந்தால் இரும்பாணி, ஆகவே உள்ளூர் வேலை அல்லது உள்ளூர் ரிப்பேர். ஒட்டுப் பசை உரிந்த இடத்தில் செம்பழுப்பாகக் கோடு தெரிகிறதா? அந்தப் பசை 1950, 60களின் மரப்படகுகளில் சகஜம்.

பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தால் இந்தக் குறிப்பை மூடிவிட்டு ஆசாரி வீட்டுக்குப் போங்கள். அது கெட்டுவள்ளத்தின் உறவு. அவருடைய அப்பாவுக்கு அதன் வயது தெரிந்திருக்கும்.

திருப்புளி முனையை மூலைகளில் மெதுவாக அழுத்துங்கள். வெண்ணெய்போல் இறங்கினால் அடையாளம் காண்பதை நிறுத்திவிட்டு மர வேலைக்காரரை அழையுங்கள். மக்கிய படகைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதே அதைக் கொன்றுவிடும்.

## அறிகுறி: பாய்மரம் உட்காரவில்லை, அல்லது பாய் சின்னதாக இருக்கிறது

பாய்மரம் குட்டையாக இருக்கிறது, கூடவே இன்னொரு கழியும் வந்தது என்றால் தொலைந்துபோன துண்டைத் தேடாதீர்கள். மிரரில் குட்டை மரத்தின் மேல் இரண்டாவது கழி ஏறி நிற்கும், அமைப்பே அப்படி.

லேசரில் பாய்மரம் இரண்டு துண்டு, பாய் சட்டைக்கைபோல் அதன்மேல் மாட்டும். பாய் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவில் வரும். உடல் ஒன்றேதான், கீழ்த்துண்டுதான் மாறும். சின்னப் பாயைப் பார்த்து 'இது வேறு மாடல்' என்று முடிவுகட்டி வேறு உதிரிபாகம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். புதிய பாய்களில் இந்த வகுப்புக்கு 'ஐஎல்சிஏ' என்ற பெயரும் வரும். அதுவும் இதே படகுதான்.

மற்றபடி மரம் பொருந்தாவிட்டால் அது வேறு படகின் மரம். அலுமினியமா மரமா என்பதை வைத்து உடலின் வயதைச் சொல்ல வேண்டாம். பிளாக் (கப்பி), கிளீட் (கயிறு மாட்டும் பிடி) போன்ற சாமான்களும் அப்படியே. அவற்றைவிட, சாமான் கழற்றிய பழைய துளைகளே நம்பகமானவை.

## எதுவும் ஒட்டவில்லை என்றால்

உடல் ஒன்று, பாய் இன்னொன்று, சுக்கான் மூன்றாவது என்று கலந்துகிடந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நோட்டில் எழுதுங்கள். உடலின் பெயர்தான் படகின் பெயர். அதற்குமேல் வகுப்புச் சங்கங்களைக் கேட்கலாம். எண் கையில் இருந்தால் கட்டிய ஆண்டை அவர்களின் பதிவேட்டில் தேடுவார்கள். சென்னையில் 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் பழைய படகுகளைக் கையாண்டவர்களைச் சந்திக்க முடியும். பந்தயத்தில் ஓட்டுவதானால் வகுப்பின் அளவையாளர் வந்து அளக்காமல் முடியாது. காப்பீட்டுக்கோ பெரிய தொகைக்கு விற்பதற்கோ கடல்சார் சர்வேயர். இவர்கள் வரும்வரை துளையிடுவது, தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது எதுவும் வேண்டாம்.

படம் அனுப்புவதானால் ஆறு போதும்: பக்கவாட்டு முழு உருவம், நேர் முன்னால், நேர் பின்னால், கவிழ்த்த அடி, நடுப்பலகைப் பெட்டி, எண் இருக்கும் இடம். பக்கவாட்டுப் படத்தில் டேப்பை விரித்து வைத்தபடியே எடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். நீங்கள் மறுபடி இரண்டு டயர் தேட வேண்டியிருக்கும்.